போன் நகரத்து ஒத்தெல்-தியூ: அந்த ஒரு ஓவியத்துக்காகவே போகலாம்

பிரான்ஸில் பர்கண்டி பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் திராட்சை மதுவுக்காகத்தான் போகிறார்கள். சரி, அப்படியே போன் நகரத்தில் இறங்கி, 1443-இல் பர்கண்டி கோமகனின் முதலமைச்சர் நிக்கோலா ரோலன் ஏழைகளுக்காக நிறுவிய ஒத்தெல்-தியூ என்ற இந்தப் பழைய மருத்துவமனையையும் பார்த்துவிடுங்கள். வண்ண ஓட்டுக் கூரையை எல்லோரும் படம் எடுப்பார்கள், அது இருக்கட்டும். உள்ளே பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் ரோஹியர் வான் டெர் வெய்டன் வரைந்த 'கடைசி நியாயத்தீர்ப்பு' இருக்கிறது, அதுதான் விஷயம்.

நடுவில் மிகாவேல் தூதன், மயில் கண் போட்ட சிறகு, முகத்தில் கோபமும் இல்லை இரக்கமும் இல்லை. கையில் தராசு. பாவத்தின் தட்டு கீழே இறங்குகிறது, அதிலிருக்கும் மனிதன் வாய் பிளந்து அலறுகிறான். அப்புறம் நரகத்தின் பக்கம் பாருங்கள், இழுத்துப் போக ஒரு பிசாசுகூட இல்லை, அவரவர் தாங்களாகவே சரிந்து போகிறார்கள். சாத்தான்மேல் பழியைப் போட இடமே வைக்கவில்லை! சபையில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், தனிமனிதப் பொறுப்பை இவ்வளவு நேராக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இது முதலில் இருந்தது நோயாளிகள் படுத்திருந்த கூடத்தை ஒட்டிய சிற்றாலயத்தில். பயமுறுத்தவா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் நியாயத்தீர்ப்பு நாளில் ராஜாவாகிய கிறிஸ்து கேட்பதே பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, வியாதியாயிருந்தவனை விசாரித்தாயா என்பதுதான், அந்தக் கூடத்தில் வேலை செய்த துறவறச் சகோதரிகள் தினமும் செய்ததும் அதைத்தான்.

இப்போது ஓவியம் தனி அறையில், மங்கலான வெளிச்சத்தில் இருக்கிறது. கண் பழகும்வரை நில்லுங்கள். போகுமுன் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள்.