பேட்மேன் பெட்டி வாங்கி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த ஒரு எபிசோட் இன்னும் உறுத்துகிறது

தொண்ணூறுகளில் வந்த பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ் கார்ட்டூன் தொடரின் ப்ளூரே பாக்ஸ் செட் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இன்வின்சிபிள் என்ற இந்தக் காலத்துச் சூப்பர்ஹீரோ அனிமேஷன் தொடரை விரும்பிப் பார்க்கிறவர். "பழசு ரொம்ப இழுவையாமே, அனிமேஷனும் எபிசோடுக்கு எபிசோட் மாறுமாமே" என்று கூடவே ஒரு கேள்வி. ப்ளேயர் ரிப்பேர் ஆகி லென்ஸ் மாற்றி வந்த கையோடு ஒரு வாரமாக நானும் மறுபடி அதைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் சூட்டோடு சொல்லிவிடுகிறேன்.

இழுவை என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஒரு எபிசோட் 22 நிமிஷம்தான். இன்வின்சிபிளில் முக்கால் மணி நேரத்துக்குப் பக்கமாக எடுத்துக்கொண்டு சொல்கிற கனம் இங்கே அந்த 22 நிமிஷத்துக்குள் வந்துவிடுகிறது. ஹார்ட் ஆஃப் ஐஸ் என்ற எபிசோடைப் பாருங்கள். ஒரு கண்ணாடி உருண்டை, உள்ளே நடனமாடும் பொம்மை, பனி, வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸின் குரல். அப்படித் தொடங்குகிறது, கடைசியில் சிறைக்குள் அதே உருண்டையிடம் வந்து நிற்கிறது. எழுத்துக்காக எம்மி என்ற டிவி விருதை வாங்கிய எபிசோட் அது. நடுவில் யாரும் பேசாத இடங்கள் இருக்கின்றன, அங்கே இசைதான் கதை சொல்கிறது, எபிசோடுக்கு எபிசோட் தனியாக ஆர்கெஸ்ட்ரா வைத்துப் பதிவு செய்த இசை. அந்த நிறுத்தங்களை வெட்டிவிட்டு வேகமாக ஓட்டினால் ஃப்ரீஸ் வெறும் பனித் துப்பாக்கிக்காரன். ராபின்ஸ் ரெக்கனிங் எபிசோடில் பேட்மேனின் கூட்டாளி ராபினின் பெற்றோர் சாகிற இடமும் அப்படித்தான். விழுவதையே காட்டவில்லை. சர்க்கஸ் ஊஞ்சல் திரையைத் தாண்டிப் போகிறது, திரும்பி வருவது அறுந்த கயிறு மட்டும். குழந்தைகள் நிகழ்ச்சிக்கான கட்டுப்பாட்டுக்குள் வேலை செய்தவர்கள் இவ்வளவு அடக்கமாகச் செய்ததை மெதுவு என்று சொல்வது எனக்குக் கஷ்டமாகவே இருக்கிறது.

அனிமேஷன் விஷயத்துக்கு வருகிறேன். அங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

ஃபீட் ஆஃப் க்ளே என்ற கதை இரண்டு பாக எபிசோட். மாட் ஹாகன் என்ற நடிகன், முகத்தில் ஒரு க்ரீமைப் பூசி யாருடைய முகமாக வேண்டுமானாலும் மாறுகிறவன். பேட்மேனின் நிஜ ஆளான ப்ரூஸ் வேய்னின் முகத்தோடு போய்க் கொலை செய்யப் பார்க்கிறான். அதாவது இந்தக் கதையின் உயிரே முகம்தான். மற்ற எல்லோருடைய முகமும் அசையாமல் நின்றால்தானே ஒருவனுடைய முகம் மாறுவது நமக்குப் பயம் தரும்? முதல் பாகத்தில் அது நடக்கவில்லை. தாடை ஒரு ஷாட்டில் ஒரு மாதிரி, அடுத்த ஷாட்டில் வேறு மாதிரி, நடையெல்லாம் விறைப்பு, நிஜ ப்ரூஸே ஆள்மாறாட்டக்காரன் போல இருக்கிறார். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு மனசு விட்டுப்போகிறது. அப்புறம் இரண்டாம் பாகம் போட்டால் வேறு உலகம். அகிரா படத்தை அனிமேட் செய்த அதே ஜப்பானிய டிஎம்எஸ் ஸ்டூடியோவின் கைக்கு வந்துவிட்டது. கதையில் வரும் ஒரு ஸ்டூடியோ அறையில் சுற்றிலும் திரைகள், ஹாகன் நடித்த பழைய வேஷங்கள் எல்லாம் ஓடுகின்றன, களிமண்ணாகிவிட்ட உடம்பு அடங்காமல் ஒவ்வொரு வேஷமாக உருகி உருகி மாறுகிறது. களிமண்ணின் எடை நம் கையில் தெரியும். ஒரே கதை, ஒரே குரல்கள், பாதியில் கை மாறியதால் இவ்வளவு வித்தியாசம்.

நியாயமாகப் பார்த்தால் காரணம் புரிகிறது. முதல் ஆர்டரே 65 எபிசோட். வாரத்துக்கு ஐந்து நாள், 13 வாரம் என்று அன்றைய டிவிக் கணக்கு. 1992 செப்டம்பரில் ஒளிபரப்பு, அதற்குள் ஒரே ஸ்டூடியோ இத்தனையையும் வரைந்து தள்ள முடியாது, ஜப்பான், கொரியா என்று பிரித்துக் கொடுத்தார்கள். கணினி இல்லை, செல் என்கிற ஒளி ஊடுருவும் தாள் ஒவ்வொன்றும் கையால். சரி. ஆனால் இரண்டு பாகக் கதையையாவது ஒரே இடத்துக்குக் கொடுத்திருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

ப்ளூரேயில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். பழைய டிவியில் மறைந்த கோட்டு நடுக்கம், செல்லில் ஒட்டிய தூசி எல்லாம் பளிச்சென்று முன்னால் வந்துவிடும். அதே தெளிவுதான் பின்னணி ஓவியங்களையும் தூக்கி நிறுத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான எரிக் ரடோம்ஸ்கி கறுப்புத் தாளில் வெளிச்சம் விழும் இடங்களை மட்டும் தீட்ட வைத்தார், இருட்டு என்பது தாளிலேயே இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் பேட்மேனின் ஊரான காத்தம் நகரக் கட்டடங்கள் அறையின் இருட்டோடு ஒன்றாகிவிடும். படத்தை அகலத் திரைக்காக வெட்டாமல் பழைய டிவியின் 4:3 அளவிலேயே விட்டதும் நல்ல காரியம்.

இவ்வளவு சொல்லிவிட்டு வாங்காதீர்கள் என்றுதான் நண்பருக்குப் பதில் எழுதினேன். முந்தின நாள் ராத்திரிதான் அந்த முதல் பாகத்தைப் பார்த்திருந்தேன், வேறு பதில் வரவில்லை. ஃபிரேம் எண்ணிப் பார்க்கிற ஆள் அவர், இன்வின்சிபிளில் படம் அசையாமல் நிற்கும் இடங்களுக்கே அவ்வளவு வருத்தப்பட்டவர், காசு கொடுத்து வாங்கி முதலில் இதில் மாட்டினால் தொடரையே வெறுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், ஹார்ட் ஆஃப் ஐஸ் போடுகிறேன், ஃபீட் ஆஃப் க்ளே முதல் பாகத்தை நானே வாயால் சொல்லிவிடுகிறேன், இரண்டாவதை மட்டும் சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.