கீமோவுக்கு முன் கருமுட்டைச் சேமிப்பு: சென்னைக் கருத்தரிப்பு மையம் ஒன்றில் கண்டவை

31 வயதான என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, கீமோதெரபி தொடங்க 3 வாரங்களே இருந்த நிலையில், கருமுட்டைகளை உறைய வைப்பதற்காக ஒரு கருத்தரிப்பு மையத்துக்குச் சென்றோம். சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற கீமோ மருந்துகள் சினைப்பையின் முட்டைக் கையிருப்பைக் குறைத்துவிடக்கூடும் என்று எங்களுக்கு முதலில் சொன்னவர் மருத்துவர் அல்லர், உடன் காத்திருந்த இன்னொரு நோயாளி.

இத்தகைய மையத்தை எடைபோடும்போது, கீமோ தேதி தள்ளிப்போகாமல் வேலையை முடித்தார்களா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அதில் இவர்கள்மீது குறையில்லை. மாதவிலக்கு வரட்டும் என்று காக்க வைக்காமல், சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம் என்று விளக்கி, புற்றுநோய் மருத்துவரிடம் பேசி ஒப்புதல் பெற்று, மறுநாளே ஊசியை ஆரம்பித்தார்கள். தங்கைக்கு வந்தது ஹார்மோனால் வளரும் வகைப் புற்று என்பதால், முட்டை வளர்க்கும் ஊசி ஈஸ்ட்ரோஜனை ஏற்றிவிடுமே என்று அஞ்சினோம். அதைக் கட்டுக்குள் வைக்க லெட்ரோசோல் மாத்திரையும் சேர்த்தே கொடுத்தார்கள். 11 நாள் ஊசிக்குப் பிறகு, மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுத்தார்கள். அன்று மாலையே வீடு திரும்பினோம். முதிர்ந்த முட்டைகள் 7 தேறின. அவற்றில் ஒன்றுகூடக் குழந்தையாகாமல் போகலாம் என்பதையும் ஆலோசகர் ஒளிக்கவில்லை.

குறை வேறிடத்தில். சேமித்தவர் இறந்துவிட்டால் முட்டைகளை என்ன செய்வது என்று எழுத்தில் பெற வேண்டும் என்பது செயற்கைக் கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஆனால் அந்தக் கேள்விக்கான படிவத்தை வரவேற்பு மேசையில், நாலு பேர் நடுவில், பேனாவை நீட்டி நிரப்பச் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. தங்கை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினாள்.

பேக்கேஜில் ஊசி மருந்தின் விலை சேராது என்பதும், சேமிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் தனி என்பதும் துருவிக் கேட்ட பிறகே தெரிந்தன. கீமோ முடிந்தாலும் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடரும்; அதை உட்கொள்ளும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. 18 முதல் 30 மாதம் வரை அதை உட்கொண்ட பின் கர்ப்பத்துக்காக இடைநிறுத்தியவர்களுக்குக் குறுகிய காலத்தில் நோய் திரும்பும் அபாயம் கூடவில்லை என்று 2023இல் வெளியான ‘பாசிட்டிவ்’ (POSITIVE) என்ற பெயருடைய ஆய்வு காட்டியது. ஆகவே சில ஆண்டுகளுக்கேனும் கட்டணம் கட்ட நேரும் என்று கணக்கிட்டே இறங்க வேண்டும்.

செல்பவர்கள் மொத்தச் செலவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் படிவத்தை வீட்டில் வைத்து நிரப்பித் தருகிறோம் என்று கேளுங்கள்.