ஏழு வருடம், ஒரு ஜூம் கேமரா, ஒரு சின்னக் கண்ணாடி

2018 டிசம்பரில் 83 மடங்கு ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமரா ஒன்றை வாங்கினேன். லென்ஸைக் கழற்றி மாட்ட முடியாத வகை. 24 மி.மீ.யில் தொடங்கி 2000 மி.மீ. வரை எல்லாம் ஒரே லென்ஸில்; இந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பக்கத்தில் வரும். அடுத்த வருடம் அதன் முன்னால் கவ்விக்கொள்ளும் ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற குளோஸ்-அப் லென்ஸ் வந்து சேர்ந்தது. இந்த இரண்டையும் வைத்துத்தான் ஏழு வருடமாகப் பாளையங்கோட்டையைச் சுற்றியுள்ள குளத்தங்கரைகளிலும் தரிசுகளிலும் எங்கள் வீட்டுப் புறவாசலிலும் படம் எடுத்து வருகிறேன். வாங்கின முதல் மாதத்தில் எழுதியிருந்தால் ஜூமைப் பற்றி மட்டுமே நாலு பக்கம் எழுதியிருப்பேன். இன்று அந்த ஜூமை நான் பயன்படுத்தும் விதமே மாறிவிட்டது.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2000 மி.மீ. என்றதும் குளத்தின் அக்கரையில் நிற்கும் நாரையின் கண்ணை இக்கரையிலிருந்தே எடுத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மார்கழி விடியலில் ஓரளவுக்கு எடுக்கலாம். வெயில் ஏறி ஒன்பது மணி ஆகிவிட்டால் முடியாது. தண்ணீருக்கும் சூடேறிய மண்ணுக்கும் மேலே காற்று நெளியத் தொடங்கும். படத்தில் பறவையின் விளிம்பு மெழுகு உருகினாற்போல் வரும். இதற்குக் கேமராவிடம் மருந்து கிடையாது. லட்சக்கணக்கில் விலையுள்ள லென்ஸை வைத்திருப்பவருக்கும் இதே காற்றுதான். சீக்கிரம் எழுந்து போக வேண்டும், அல்லது பறவை தானாகப் பக்கத்தில் வரும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது எல்லை சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. இந்த வகைக் கேமராக்களில் அது 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும்தான். பெரிய கேமராக்களில் வரும் ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு இதைப்போல் சுமார் முப்பது மடங்கு. அவ்வளவு பெரிய ஜூமை ஒரு கிலோவுக்குள் கழுத்தில் தொங்கவிட முடிவதே சென்சார் இத்தனை சிறியதாக இருப்பதால்தான். அதற்கான விலையை வெளிச்சத்தில் கட்டுகிறோம். வெளிச்சம் குறையும்போது ஏற்றிக்கொள்ளும் உணர்திறன் எண்ணான ஐஎஸ்ஓ 400 வரை எனக்கு மனநிறைவு. 800-ல் இறகின் மெல்லிய கோடுகள் கரையத் தொடங்கும். அதற்கு மேல் போனால் என்ன பறவை என்று அடையாளம் சொல்லத்தான் படம் உதவும். சாயங்காலம் ஆறு மணிக்கு மரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஆந்தையை இதில் நல்ல படமாக எடுக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பறக்கும் பறவைகளும் கடினம். முழு ஜூமில் வானத்தில் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும். ஆனால் பழக்கம் தெரிந்த பறவை என்றால் கதை வேறு. பஞ்சுருட்டான் ஒரு கம்பியிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கம்பிக்குத் திரும்பும். தேனீயைப் பிடித்திருந்தால், அதன் கொடுக்கும் நஞ்சும் போவதற்காக, விழுங்குமுன் கம்பியில் ஓங்கி ஓங்கி அடிக்கும். அந்த இடத்தில் முன்னதாகவே ஃபோகஸ் வைத்து, ஷட்டரை 1/1000 நொடியோ அதைவிட வேகமாகவோ வைத்துக் காத்திருந்தால் இந்தக் கேமராவே போதும். என் நல்ல படங்களில் பாதி இப்படிக் காத்திருந்து கிடைத்தவை. கரிச்சான், வெண்மார்பு மீன்கொத்தி எல்லாமே இப்படித் திரும்ப வரும் இடம் வைத்திருப்பவை.

வெள்ளைப் பறவைகளுக்கு ஒரு குறிப்பு. கொக்கை எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இறகு வெறும் சுண்ணாம்புச் சுவராக வரும். தும்பைப் பூவுக்கும் இதே கணக்குத்தான்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஆண்டுதோறும் தையில் போவேன். அங்கே போய்த்தான் ஜூம் என்பது எப்போதும் தேவைப்படும் பொருள் இல்லை என்று தெரிந்தது. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள், வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறையாக இந்தப் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. அங்கே 200 மி.மீ. இருந்தாலே படம் நிறைந்துவிடும். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் மட்டும் நடுக்குளத்தில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அவற்றுக்குத்தான் முழு ஜூம்.

ஜூமை நான் பார்க்கும் பார்வையை மாற்றியது ஓர் ஆட்காட்டிப் பறவை. 2019 சித்திரையில், வற்றிய குளத்துப் பொட்டலில் நடந்து போகையில் தலைக்கு மேல் ஒரே கூச்சல். இறங்கி வந்து தலையை உரசுகிற மாதிரி பறந்தது. கூடு எங்கோ பக்கத்தில் இருக்கிறது என்று புரிந்தது. விலகிப் போகாமல் தேடினேன். சரளைக்கல்லின் நிறத்திலேயே நான்கு முட்டைகள். உட்கார்ந்து, சாய்ந்து, பக்கவாட்டில் என்று ஐந்தாறு நிமிடம் படம் எடுத்தேன். அப்போது மணி பதினொன்று. அந்த வெயிலில் தாய்ப்பறவை முட்டை மேல் நிழலாக உட்கார வேண்டிய நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்பது வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் படங்களை அழித்துவிட்டேன். யாருக்கும் காட்டவில்லை.

மூன்று வருடம் கழித்து அதே பொட்டலில் இன்னொரு ஜோடி. இந்த முறை எழுபது மீட்டர் தள்ளி ஓர் உடை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கத்தின, பிறகு என்னை மறந்துவிட்டன. நண்பகல் நெருங்கும்போது ஒரு பறவை ஓரத்தில் மிச்சமிருந்த குட்டைத் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் அமர்ந்தது. சூட்டைத் தணிப்பதற்கு. இதைப் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். கானல் நெளிந்ததால் படம் சுமாராகத்தான் வந்தது. அதைத்தான் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். எழுபது மீட்டரில் உட்கார்ந்து இதைப் பார்க்கக் கிடைத்ததற்கு அந்த ஜூம்தான் காரணம். பறவையை விட்டுத் தள்ளி இருக்க உதவும் கருவியாகத்தான் இப்போது அதை நினைக்கிறேன். கூடுகளைத் தேடிப் போவதில்லை. செல்போனில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பதும் இல்லை.

இனி அந்தச் சின்னக் கண்ணாடி. அப்போது 6000 ரூபாய் கொடுத்தேன். இந்தப் பொழுதுபோக்கில் நான் செலவு செய்த பணத்தில் மிகவும் பயன்பட்டது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். டிசிஆர்-250 என்பது 8 டயாப்டர் லென்ஸ்; டயாப்டர் என்பது லென்ஸின் வலிமையைச் சொல்லும் அளவு. முன்பக்கம் இரண்டு காதுகளை அழுத்திப் பிடித்து கேமரா லென்ஸில் ஃபில்டர் மாட்டும் மரையில் கவ்வ வைத்தால் வேலை முடிந்தது. இதை மாட்டிய பிறகு பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஏறத்தாழ 12 செ.மீ. இருந்தால்தான் ஃபோகஸ் ஆகும். ஜூமைக் கூட்டக் கூட உருப்பெருக்கம் கூடும். முழு ஜூமில் சுமார் இரண்டு மில்லிமீட்டர் அகலமே படம் முழுவதையும் நிரப்பிவிடும். அவ்வளவு வேண்டியதில்லை, கையில் நிற்கவும் செய்யாது. 500, 600 மி.மீ. அளவில் வைத்தால் எட்டு மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும். ஒரு குதிக்கும் சிலந்திக்கு அது சரியாக இருக்கும். ஜூமை மிகவும் குறைத்தால் மூலைகள் கருத்துவிடும்.

ஃபோகஸைக் கேமராவிடம் விட்டால் முன்னும் பின்னும் அலைந்து நேரம் போகும். நான் ஃபோகஸை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை நூலளவு முன்னும் பின்னும் ஆட்டி, கண் தெளியும் நொடியில் அமுக்குவேன். தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பத்து எடுத்தால் ஒன்று தேறும். மணல் நிரப்பிய துணிப்பையைத் தரையில் போட்டு அதன் மேல் கேமராவை வைத்தால் மூன்று தேறும். காற்றில்லாத விடியற்காலை வேண்டும். தட்டான்கள் பனியில் நனைந்து குளிரில் அசையாமல் தொங்கும் நேரம் அது.

எங்கள் புறவாசல் கொய்யா மரத்தில் முசுறு கூடு உண்டு. அந்த எறும்புகளைப் படம் எடுத்துக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது அவற்றில் ஒன்றுக்கு மட்டும் எட்டுக் கால். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு திரிந்த சிலந்தி அது! முசுறின் நிறம், முசுறின் இடுப்பு, முசுறின் நடை. தொட்டதும் நூல் விட்டுக் கீழே இறங்கியது, அது எறும்பு செய்யாத காரியம். சில வாரம் கழித்து இன்னொரு முசுறை யாரோ தூக்கிக்கொண்டு போவது போல ஒன்றைப் பார்த்தேன். அதுவும் சிலந்திதான், ஆண். நீண்டு தடித்த அதன் தாடைகள் இன்னொரு எறும்பைச் சுமப்பது போலத் தோற்றம் தருகின்றன. கொய்யா பறிக்கும்போது இத்தனை வருடம் இந்தச் சிலந்திகளையும் முசுறு என்றே நினைத்துத் தட்டிவிட்டிருக்கிறோம்.

பூக்கள் விஷயத்தில் இந்தக் கண்ணாடி செய்தது இன்னும் பெரிது. ஐப்பசி மழை விழுந்து பத்துப் பதினைந்து நாளில் தரிசு முழுக்கப் பூ. நின்று பார்த்தால் புல் மட்டும்தான் தெரியும். குப்புறப் படுக்க வேண்டும். விஷ்ணுகிராந்தி காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். ஓரிதழ்தாமரையில் ஒரே ஓர் இதழ் மட்டும் இளஞ்சிவப்பாக நீண்டு நிற்கும். பொடுதலை ஒரு கதிரைச் சுற்றி வளையமாகப் பூக்கும். கிணற்றடிப் பூண்டின் ஒற்றைப் பூ என்று நாம் நினைப்பது பல பூக்களின் கூட்டம்; நடுவிலிருக்கும் ஒவ்வொரு மஞ்சள் குழலும் தனித்தனிப் பூ. வெறுங்கண்ணுக்கு அது வெறும் மஞ்சள் பொட்டு.

ஒருநாள் அப்படிப் படுத்திருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஓர் ஆச்சி பக்கத்தில் வந்து நின்றார்.

“எய்யா, என்னத்தத் தொலச்சிட்டுத் தேடுத?”

“ஒண்ணும் தொலைக்கல ஆச்சி. இந்தப் பூவப் படம் எடுக்கேன்.”

திரையைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இது விட்ணுகிராந்தில்லா. காச்சலுக்குக் கசாயம் வச்சுக் குடுப்போம்.” மறுபடி பார்த்தார். “நடுவுல இம்புட்டு வெள்ளையாவா இருக்கு? இத்தன நாளும் பறிச்சிருக்கேன், பாத்ததில்லயே.” பிறகு ஆடுகளை அந்தப் பக்கம் போகவிடாமல் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார். இப்போதும் எங்கே என்ன பூத்திருக்கிறது என்று அவர்தான் எனக்குச் சொல்வார். பெயர் தெரியாத செடிகளில் முக்கால்வாசிக்கு அவர் வாயிலிருந்துதான் பெயர் கிடைத்தது. உயிரினங்களைப் படத்தோடு பதிந்து அடையாளம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படம் ஏற்றும்போது அந்தத் தமிழ்ப் பெயரையும் குறிப்பில் எழுதிவிடுவேன். பூவை மட்டும் ஏற்றினால் அடையாளம் சொல்ல முடியாமல் போகும். இலை அமைப்பு, தண்டு, பூவின் பின்புறம் என்று மூன்று நான்கு படம் வேண்டும்.

பராமரிப்பில் ஒன்றே ஒன்று. 2020 அடைமழை மாதங்களில் கேமராவைத் துணிப்பையோடு பீரோவில் வைத்துவிட்டேன். தையில் எடுத்துப் பார்த்தால் முன்கண்ணாடியின் உட்புறத்தில் நூல் நூலாகப் பூஞ்சை. துடைத்துத் தந்தார்கள், ஆனாலும் ஓரத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அன்றிலிருந்து காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நீலநிற சிலிக்கா ஜெல். அது இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள். சமையலுக்குப் புழங்காத பழைய சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும்.

இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு: ரா கோப்பு, அதாவது சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு, எடுக்கும் மாடலாகப் பாருங்கள். என்னுடையது ஜேபெக் மட்டும்தான் எடுக்கும், நிழலில் எடுத்த பல படங்களைக் காப்பாற்ற முடியவில்லை. பறக்கும் பறவைகள்தான் உங்கள் ஆசை என்றால் இந்த வகையே வேண்டாம், லென்ஸ் மாற்றும் கேமராவுக்குப் பணம் சேருங்கள். நடந்து திரிந்து, கண்ணில் படுவதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் கிடைத்த பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட கேமராவில், கறுப்பு வெள்ளையில், காட்டை எடுத்தவர். அவருடைய யானைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதர் எத்தனை நேரம் அங்கே நின்றிருப்பார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

கேமராவை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. கீழாநெல்லியின் பூ இலைக்கு அடியில், கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கிளையில் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில், செடியைப் பிடுங்காமல் எடுக்க நான்கு மழைக்காலமாக முயல்கிறேன். ஒன்று தெளிந்தால் மற்றது மங்குகிறது. போன கார்த்திகையில் கிளையைப் பக்கவாட்டில் பார்க்கும்படி பள்ளத்தில் இறங்கிப் படுத்தபோது ஏறக்குறைய கிடைத்தது, காற்று வந்துவிட்டது. அந்தச் செடி நின்ற இடத்தை ஆச்சியிடம் காட்டி வைத்திருக்கிறேன்.