சாம்பல் கலந்தால் உப்பு ஏறாதாம்! புத்தளத்தில் நான் ஏமாந்தது

கன்னியாகுமரி மாவட்டம் புத்தளம் உப்பளத்தை ஒட்டி வீடு கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

போன வருடம் சுவரின் அடிப்பகுதிக்கும் காம்பவுண்டுக்கும் வெளிப்பூச்சு வேலை. எங்கள் மண்ணில் உப்பு அதிகம் என்பதால் பி.பி.சி. (ஃப்ளை ஆஷ் என்னும் நிலக்கரிச் சாம்பல் கலந்தே வரும் சிமெண்ட்) அல்லது ஸ்லாக் சிமெண்ட் (இரும்பு உலைக் கசடு கலந்தது) போடச் சொன்னேன். "அண்ணே, நீங்க பயப்படாண்டாம். நான் சாம்பல் போட்டுக் கலக்கித் தாரேன், கடலுக்குள்ள வச்சாலும் அசையாது" என்றார் கான்ட்ராக்டர். ஸ்பெஷல் கலவை என்று மூட்டைக்கு 60 ரூபாய் கூடுதல். நானும் தலையாட்டினேன்.

எட்டே மாதம். முதலில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்தது. துடைத்தேன், மறுபடி பூத்தது. அப்புறம் மூலைகளில் பூச்சு உப்பி, வலை வலையாக வெடித்தது. சாவியால் கீறினேன், டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி பொதபொதவென்று உதிர்ந்தது.

மச்சினன் சிவில் படித்தவன். வந்ததும் கேட்டது ஒன்றுதான்: "சாம்பல் எங்க வாங்கினாரு அத்தான்?" கோழிக்கூட்டுக்குப் பின்னால் காலிச் சாக்குகள் கிடந்தன. சிமெண்ட், ஓ.பி.சி. 43 கிரேடு, அதாவது சாம்பலோ ஸ்லாக்கோ கலக்காத சாதா சிமெண்ட். சாம்பல் சாக்கில் ஒரு எழுத்தும் இல்லை. அடியில் ஒட்டியிருந்ததைத் தேய்த்தால் மணல் மாதிரி நறநறத்தது. நல்ல ஃப்ளை ஆஷ் முகப்பவுடர் போல இருக்குமாம்.

மண்ணிலுள்ள சல்பேட் உப்பு, சிமெண்டிலுள்ள அலுமினேட் என்னும் பொருளோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்னும் படிகமாக வளர்ந்து சாந்தை உள்ளிருந்தே பிளக்கும். உப்பளத் தண்ணீரிலுள்ள மெக்னீசியம் சல்பேட் சிமெண்டின் பிடிப்பையே கெடுக்கும். நயமான ஃப்ளை ஆஷும் ஸ்லாக்கும், சிமெண்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்பைத் தின்று துளைகளை அடைக்கும். ஆக, கான்ட்ராக்டர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும், பத்து நாளாவது நனைக்க வேண்டும். இவர் நனைத்தது இரண்டு நாள், அதுவும் உவர்க் கிணற்றுத் தண்ணீரில்!

பி.பி.சி. மூட்டையில் ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 1489 என்றும் ஸ்லாக் சிமெண்டில் ஐ.எஸ். 455 என்றும் அச்சாகியிருக்கும். தயாரித்த வாரத்தையும் பாருங்கள். மூட்டை பிரிக்கும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள், நான் எடுக்கவில்லை. சல்பேட்டைத் தாங்கவென்றே வரும் சல்பேட் ரெசிஸ்டிங் சிமெண்டே வாங்கிவிடலாமே என்றேன். கடல் உப்பில் குளோரைடும் உண்டு, அந்த சிமெண்ட் குளோரைடைப் பிடித்து வைக்காது, கம்பி துருப்பிடிக்கும் என்று மச்சினன் தடுத்துவிட்டான்.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டால், "கடல் காத்துக்கு நான் என்ன செய்ய?" என்கிறார். பூச்சு மொத்தத்தையும் கொத்தி எடுத்துக்கொண்டிருக்கிறோம், கூலி என் தலையில்.

போன வாரம் மணக்குடிப் பக்கம் ஒரு வேலைத்தளத்தில் அதே எழுத்தில்லாத சாக்குகளைப் பார்த்தேன். வண்டியை நிறுத்தி, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.