“பக்கத்துலதான் இருக்கேன், வர்றியா?” வெளிநாட்டு பார்களில் ஆப் வழியாக நடக்கும் பணப்பறிப்பு

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், தங்கச்சிமடம் என்று நம் இராமநாதபுரம் கடலோரத்தில் சபுராளி (பிழைப்புக்கு வெளிநாடு போனவர்) இல்லாத தெரு கிடையாது. துபாயில் கடை வேலை, பஹ்ரைனில் மீன்பிடிப் படகு, மலேசியாவில் உணவகம், சிங்கப்பூரில் கப்பல் பட்டறை. அங்கே இருப்பவர்களுக்கும், விசா வந்து பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் இந்தப் பதிவு. குடிக்கலாமா கூடாதா என்ற பஞ்சாயத்துக்கு இங்கே வரவில்லை. ஒரே ராத்திரியில் இரண்டு மாதச் சம்பளம் எப்படிப் போகிறது, போனால் என்ன செய்வது என்பது மட்டும்தான் பேச்சு.

முன்பெல்லாம் பார் வாசலில் ஒருவன் நின்று கையைப் பிடித்து இழுப்பான். அவனைத் தாண்டிப் போய்விட்டால் தப்பித்தோம். இப்போது அவன் போனுக்குள் வந்துவிட்டான். டேட்டிங் ஆப்பிலும் லைவ் வீடியோ ஆப்பிலும் பெண் பெயரில், பெண் படத்தில், பல நேரம் தமிழிலேயே பேசுகிறான். தொழிலாளர் கேம்ப் கட்டிலில் படுத்திருக்கும்போதே கூப்பிடுகிறான். சம்பளம் ஏறுகிற வாரத்தில் கூப்பிடுவது கூடும்.

பேச்சு போகிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். “ஹாய், எந்த ஊர்?” என்று ஆரம்பிக்கும். பத்து நிமிடத்தில் “இந்த ஆப் சரியில்ல, வாட்ஸ்அப் வா” என்று அழைக்கும். நம்பர் கைமாறியதும், “ஃப்ரெண்டு கூட வெளிய வந்தேன், அவ போயிட்டா, தனியா இருக்கேன். பக்கத்துலதான் இருக்கேன், வர்றியா?” அடுத்து ஒரு லொகேஷன். அந்த லொகேஷனில்தான் எல்லாம் இருக்கிறது. ஆப்பில் அறிமுகமான ஆள் எவ்வளவு அழகு, எவ்வளவு இனிமையாகப் பேசுகிறார் என்பதை விட்டுவிடுங்கள். இடத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். “அங்க வேண்டாம், மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல ஒரு டீக்கடையில பார்ப்போம்” என்று எழுதிப் பாருங்கள். நிஜமான ஆள் சரி என்பார், இல்லையென்றால் இன்னொரு நாள் என்பார். வலை விரிப்பவருக்கு அந்த பாரைத் தவிர வேறு இடம் ஒத்துவராது; கோபப்படுவார், கெஞ்சுவார், “என் மேல நம்பிக்கை இல்லையா” என்பார். பாரில் இருந்து அவருக்குக் கமிஷன். டீக்கடையில் என்ன கிடைக்கும்?

உள்ளே போனால் மேஜையில் மெனு இருக்காது. கேட்டால் “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்பார்கள். நீங்கள் ஒரு பீர் சொல்வீர்கள். அந்தப் பெண்ணுக்குச் சின்ன கிளாஸில் ஏதோ நிறத்தில் ஒன்று வரும். பாதி நேரம் அது ஜூஸ்தான், ஆனால் பில்லில் ‘லேடீஸ் டிரிங்க்’ என்று பீரைவிடப் பல மடங்கு விலையில் ஏறும். இரண்டு மடக்கில் காலி, அடுத்தது வரும். கொஞ்ச நேரத்தில் தோழி ஒருத்தி வந்து உட்காருவாள், அவளுக்கும் ஒன்று. யாரும் கேட்காத பழத்தட்டு, ஹூக்கா, ‘டேபிள் சார்ஜ்’ எல்லாம் சேர்ந்து கடைசியில் மூடிய தோல் அட்டைக்குள் பில் வரும். அதைத் திறக்கும்போது கதவுப் பக்கம் ஏற்கெனவே இரண்டு தடியன்கள் நிற்பார்கள். கூட வந்தவள் பாத்ரூம் போனவள் போனவள்தான். துபாய், பாங்காக், கோலாலம்பூர் என்று ஊர் மாறலாம், பில் வருகிற முறை மாறாது.

மெனு காட்டாத இடத்தில் உட்காராதீர்கள். காட்டினால் விலை தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மெனுவை எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் முகம் படத்தில் விழக்கூடாது. அனுமதியில்லாமல் ஆளைப் படம் எடுப்பது அமீரகத்தில் குற்றம். ஒவ்வொரு ரவுண்டுக்கும் அப்போதே காசு கொடுத்துவிடுங்கள். கடைசியில் மொத்தமாகத் தருகிறேன் என்று கார்டைக் கவுண்டரில் விட்டுவைப்பது போல ஆபத்து வேறில்லை. மெஷின் மேஜைக்கு வரட்டும், திரையில் உள்ள தொகையை நீங்கள் படித்த பிறகு தட்டுங்கள்.

ஒரு சின்னக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்றாத கடையிலும் இதில் சண்டை வருகிறது. சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் அதற்கு மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி. 100 டாலர் என்பது 119 டாலர் 90 காசு ஆகும். அது மோசடி இல்லை, அங்கே உள்ள முறை. அதே மாதிரி, மெஷினில் “ரூபாயில் செலுத்தவா, உள்ளூர்ப் பணத்தில் செலுத்தவா” என்று கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணத்தைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மெஷின்காரன் வைத்த மாற்று விகிதத்தில் நஷ்டம் உங்களுக்கு.

பணம் எந்த வழியில் போனது என்பதை வைத்துத்தான் அது திரும்புமா என்று சொல்ல முடியும். பலருக்கு இது தெரிவதில்லை. சிங்கப்பூரின் பேநவ், மலேசியாவின் டூயிட்நவ், பஹ்ரைனின் பெனிஃபிட்பே, நம் யு.பி.ஐ. எல்லாமே நொடியில் போய்ச் சேருகிறவை. நீங்களே அனுப்பியது என்பதால் திரும்ப எடுப்பது மிகக் கடினம். ரொக்கம் போனால் போனதுதான். கார்டில் கொடுத்திருந்தால் மட்டும்தான் “இந்தத் தொகையை மறுக்கிறேன்” என்று வங்கியில் முறையிட ஒரு பாதை இருக்கிறது. அதுவும் பின் நம்பர் போட்டிருந்தால் இழுபறிதான், ஆனாலும் பாதை இருக்கிறது. அதனால் உண்மையிலேயே மிரட்டலில் மாட்டிக்கொண்டு கொடுத்துத்தான் வெளியே வர முடியும் என்ற நிலை வந்தால், ஏ.டி.எம்.முக்குக் கூட்டிப்போக விடாமல் கிரெடிட் கார்டில் கொடுங்கள். ஒவ்வொரு பொருளும் பிரித்து எழுதிய பில் கேளுங்கள். வெளியே வந்ததும் கடைப் பலகையைப் படம் எடுத்துவிட்டு, வங்கிக்குப் போன் போட்டு கார்டை நிறுத்துங்கள்.

கார்டைத் தட்டிக் கொடுப்பதற்கு வரம்பு உண்டு. மலேசியாவில் 250 ரிங்கிட்டுக்கு மேல் பின் நம்பர் கேட்கும். போனில் கைரேகை வைத்துத் தட்டினால் அந்த வரம்பு பெரும்பாலும் பொருந்தாது. போதையில் இருக்கிறவன் விரலைப் பிடித்து வைக்க எவ்வளவு நேரமாகும்? வெளியே போகிற ராத்திரிக்கு என்று தனியாக ஒரு கார்டு வைத்துக்கொண்டு, அதில் செலவழிக்க நினைத்த தொகையை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். சம்பள அக்கவுண்ட்டின் ஆப், ஊர் வங்கியின் ஆப் இரண்டும் அந்த போனில் இருக்க வேண்டாம், அல்லது வேறு பூட்டு போடுங்கள்.

இதைவிட மோசமானது பிளாட்டுக்குக் கூப்பிடும் வகை. மசாஜ் என்று விளம்பரம், மலிவான விலை, அபார்ட்மென்ட் லொகேஷன். கதவு திறந்ததும் உள்ளே நாலைந்து பேர். துபாயில் 2020இல் நடந்த ஒரு வழக்கில், 200 திர்ஹம் மசாஜ் என்று டேட்டிங் ஆப்பில் பார்த்துப் போன ஓர் இந்தியரைக் கழுத்தில் கத்தி வைத்து வங்கி ஆப்பைத் திறக்கவைத்தார்கள். மொத்தம் 2,80,000 திர்ஹம் போனது. அவ்வளவு பணம் நம் ஆட்களிடம் இருக்காது என்று நினைக்க வேண்டாம். இருப்பதை எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு நண்பர்களுக்குப் போன் போட வைப்பார்கள்.

டான்ஸ் பார் பக்கம் வேறு விதமாக மாறியிருக்கிறது. துபாயில் தேரா, பர் துபாய் பார்களில் மேடையில் ஆடும் பெண்ணுக்குக் காசு கொடுத்து மாலை போடுவது பழைய வழக்கம். முன்பு வெளியே வந்தால் அதோடு முடிந்தது. இப்போது முதல் நாளே நம்பர் வாங்கிவிடுகிறார்கள். “ஏன் வரல? சாப்டியா?” என்று தினமும் மெசேஜ், வர முடியாத நாளில் லைவ் ஆப்பில் ‘கிஃப்ட்’ போடச் சொல்வது. அது பத்து, இருபது திர்ஹமாகப் போவதால் போவதே தெரியாது. மாதக் கடைசியில் கார்டு ஸ்டேட்மென்ட்டில் ஆப் பெயரை மட்டும் தேடிக் கூட்டிப் பாருங்கள், தலை சுற்றும். (அந்தப் பெண்ணும் பாவம்தான். மாதம் இவ்வளவு வசூல் காட்ட வேண்டும் என்று அவள் தலையிலும் ஒருவன் உட்கார்ந்திருப்பான். ஆனால் உங்கள் வீட்டுக் கடன் அவளுக்குத் தெரியாது.)

வீடியோ கால் மிரட்டலும் இதே கயிற்றின் இன்னொரு முனை. பாருக்கு வர மறுத்தவனை “சரி, வீடியோ கால் வா” என்பார்கள். ஒரு நிமிடம் போதும், திரையைப் பதிவு செய்துவிடுவார்கள். அடுத்த மெசேஜில் உங்கள் முகநூல் நண்பர் பட்டியல் வரும்: மச்சான், மாமனார், ஊர் ஜமாஅத் ஆள் பெயர்களோடு. காசு கொடுத்தால் நிற்காது, கொடுப்பவன் என்று தெரிந்தால் தொகை ஏறும். பதில் போடாமல், சாட்டை அழிக்காமல், அவன் தந்த நம்பரையும் கணக்கு விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பிளாக் செய்யுங்கள். முகநூலில் நண்பர் பட்டியலை ‘நான் மட்டும்’ என்று மாற்றுங்கள். முடிந்தால் வீட்டில் அண்ணன், காக்கா என்று மூத்தவர் யாரிடமாவது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்ட விஷயத்தை வைத்து மிரட்ட முடியாது.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் இந்தத் தொழிலுக்கு முதலீடு. காசு கேட்டு மிரட்டினாலும் நம் ஆட்கள் போலீஸுக்குப் போக மாட்டார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். “நீ வி.பி.என். (இணையத்தில் இருப்பிடத்தை மறைக்கும் ஆப்) போட்டிருக்கே, போலீஸ் உன்னைத்தான் பிடிக்கும்” என்பதும் சொல்லும் மிரட்டல்களில் ஒன்று. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு சைபர் சட்டத்தில், குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ வி.பி.என். பயன்படுத்துபவருக்கு 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் உண்டு. அது குற்றம் செய்பவனுக்கான பிரிவு. அதைக் காட்டிப் பறிகொடுத்தவனின் வாயை மூடப் பார்க்கிறார்கள். அதற்காக வி.பி.என். போட்டுத் திரியுங்கள் என்று சொல்லவில்லை.

குவைத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே மது முழுத் தடை. அதனால் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் “ரூமுக்கே வரும்” என்று பாட்டில் விற்பவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் அங்கே கள்ளச்சரக்கில் மெத்தனால் கலந்து 160 பேர் பாதிக்கப்பட்டு, 23 பேர் இறந்ததாக அந்நாட்டு சுகாதார அமைச்சகம் சொன்னது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் ஆளைக் கொன்ற அதே மெத்தனால். நிறத்தாலும் மணத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சீல் போட்ட பாட்டிலாக இருந்தாலும் சீலையும் அவர்களே போட்டிருக்கலாம். குடித்த உடனே ஒன்றும் தெரியாது. 12 முதல் 24 மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் வரும். கண்ணில் பனி படர்ந்த மாதிரி தெரிந்தால் தூங்கிப் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன குடித்தோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். முறிவு மருந்தும் டயாலிசிஸும் நேரத்துக்குக் கிடைத்தால் உயிரும் கண்ணும் தப்பும். கூடக் குடித்த எல்லாரையும் அழைத்துப் போங்கள், இன்னும் ஒன்றும் ஆகாதவனையும்.

சிங்கப்பூரில் டெலிவரி ஆப்பில் பீர் வாங்கி அடுக்குமாடி புளோக் கீழே உட்கார்ந்து குடிப்பவர்களுக்கு: இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கத் தடை, அபராதம் 1,000 டாலர் வரை. லிட்டில் இந்தியாவில் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை நாள் முழுக்கத் தடை. ஷார்ஜாவில் மது முழுத் தடை. துபாயில் வாங்கி ஷார்ஜா ரூமுக்குக் கொண்டுபோவது வம்பை விலைக்கு வாங்குவது.

பணம் போய்விட்டால் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். அமீரகம், சிங்கப்பூர், மலேசியா மூன்றிலும் போலீஸ் அவசர எண் 999. மலேசியாவில் ஆன்லைன் பண மோசடிக்குத் தனி எண் 997, சிங்கப்பூரில் 1799, தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் 1155. இந்திய வங்கிக் கணக்கிலிருந்தோ யு.பி.ஐ.யிலோ போயிருந்தால், வெளிநாட்டில் இருந்து இந்தியாவின் சைபர் மோசடி உதவி எண் 1930 கிடைக்காமல் போகலாம். ஊரில் உள்ளவர் 1930க்கு அழைக்கட்டும், அல்லது நீங்களே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியலாம். கையில் பரிவர்த்தனை எண், நேரம், தொகை, பெறுநர் விவரம் நான்கும் இருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டிருந்தால், வங்கியின் தவறு இல்லாத நிலையிலும், ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதிப்படி மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. நீங்களே ஓ.டி.பி.யோ பின் நம்பரோ கொடுத்திருந்தால், சொல்லும் வரை போனது உங்கள் கணக்கில். சொன்ன பிறகு போவது வங்கியின் கணக்கில். அதனால் காலையில் சொல்லலாம் என்று விடாதீர்கள்.

ஊரில் புகார் கொடுக்க இராமநாதபுரத்தில் மாவட்ட சைபர் கிரைம் போலீஸ் இருக்கிறது. வீட்டார் போகும்போது உங்கள் பாஸ்போர்ட், விசா நகல், வங்கி ஸ்டேட்மென்ட், சாட் முழுவதையும் ஏற்றுமதி செய்த கோப்பு இவற்றைக் கொண்டுபோகட்டும். ஸ்கிரீன்ஷாட்டில் எதிராளியின் முழு நம்பரும் தேதியும் தெரிய வேண்டும். பெயர் மட்டும் தெரிகிற படம் எதற்கும் உதவாது.