டோக்கியோவில் குடும்பத்தோடு நான்கு நாள்: தங்குவது உவேனோ பக்கமா, ஷிஞ்ஜுகு பக்கமா?

டோக்கியோவுக்கு நான்கு நாள் குடும்பப் பயணம் போகிறவர்களில் பலர், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை முதலில் போட்டுவிட்டு, தங்கும் விடுதியைக் கடைசியில் விலையை மட்டும் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. நகரின் நடுப்பகுதியைச் சுற்றி ஓடும் யமனோதே ரயில் பாதை 34.5 கிலோமீட்டர் நீளமும் 30 நிலையங்களும் கொண்டது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். உவேனோ அந்த வட்டத்தின் வடகிழக்கிலும் ஷிஞ்ஜுகு மேற்கிலும் இருக்கின்றன. ஆகவே எந்தப் பக்கம் தங்கினாலும் பார்க்க வேண்டியவற்றில் பாதி எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கும். எது எதற்கு அருகில் என்பதை விட, பெட்டிகளோடு வந்து இறங்கும் முதல் நாளும், கால் வலிக்கிறது என்று சொல்லும் அம்மாவோடும் தூங்கி விழும் குழந்தையோடும் திரும்பும் மாலைகளும் எப்படிக் கழியும் என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, அண்டை மாநிலமான சிபாவில் இருக்கிறது. அங்கிருந்து கெய்சேய் நிறுவனத்தின் ஸ்கைலைனர் ரயில் முக்கால் மணி நேரத்திற்குள் உவேனோவில் கொண்டுவந்து விடும். எல்லா இருக்கைகளும் முன்பதிவு இருக்கைகள், பெட்டிகளுக்குத் தனி அடுக்கு உண்டு, உவேனோதான் கடைசி நிறுத்தம் என்பதால் இறங்கும் அவசரமும் இல்லை. ஷிஞ்ஜுகுவுக்கு நரிட்டா எக்ஸ்பிரஸ் நேரடியாகப் போகிறது என்றாலும் அதற்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும், கட்டணமும் கூடுதல். ஹனேடாவில் இறங்குகிறவர்களுக்குக் கணக்கு சற்று மாறும். அது நகருக்குள்ளேயே இருப்பதால் இரு பக்கமும் தூரம் குறைவுதான். ஆனால் அங்கிருந்து கெய்க்யூ நிறுவனத்தின் ரயில்களில் சில, உவேனோவுக்குக் கிழக்கே அருகிலுள்ள அசாகுசா வரை மாறாமலே ஓடுகின்றன, ஷிஞ்ஜுகுவுக்கோ ஷினகாவாவில் இறங்கி யமனோதேவுக்கு மாற வேண்டும். பெரிய விடுதிகளின் வாசல் வரை போகும் விமான நிலையப் பேருந்து ஷிஞ்ஜுகுவின் பக்கம் நிற்கும் நியாயமான வாதம். சாலை நெரிசல் இல்லாத நேரத்தில் அதுவே மிகச் சுகமான வழி.

அடுத்தது நிலையம். ஷிஞ்ஜுகு உலகிலேயே அதிகப் பயணிகள் புழங்கும் ரயில் நிலையம் என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. ஐந்து நிறுவனங்களின் தடங்கள் அங்கே கூடுகின்றன, நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் கடக்கிறார்கள், வெளியேறும் வாயில்கள் இருநூறுக்கு மேல். எண்ணிக்கையைப் படிக்கும்போது வியப்பாக இருக்கும் இந்த விஷயம், குழந்தையின் தள்ளுவண்டியோடு நிற்கும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. மின்தூக்கி இருக்கும் வாயில் ஒன்று, உங்கள் விடுதிக்கு அருகில் இருக்கும் வாயில் இன்னொன்று. 2020-இல் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் நடைபாதை திறக்கப்படும் வரை, மேற்கு வாயிலுக்குப் பதிலாகக் கிழக்கு வாயிலில் வெளியே வந்துவிட்டால் மறுபக்கம் போவதற்கே வெகுதூரம் சுற்றி நடக்க நேர்ந்தது; இப்போதும் தவறான வாயிலில் வந்துவிட்டால் திரும்பி நடக்க வேண்டும். காலை எட்டு மணி வாக்கில் அலுவலகக் கூட்டம் ஒரே திசையில், ஒரே வேகத்தில், பேச்சில்லாமல் நடந்து போகும். அதற்கு எதிராக ஐந்து பேர் கொண்ட குடும்பம் கைகோத்து நடப்பது எளிதல்ல. தனியாகப் போகிற இளைஞருக்கு இது ஓர் அனுபவம். எழுபது வயதுப் பெரியவரை வைத்துக்கொண்டு தினமும் இரு முறை கடப்பதற்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உவேனோ நிலையமும் சிறியதல்ல. ஆனால் அதன் பூங்கா வாயிலில் வெளியே வந்தால் எதிரே மரங்கள் தெரியும், திசை குழம்பாது. அசாகுசாவில் தங்கினால் இன்னொரு வசதி உண்டு: கின்சா தடம் அங்கேதான் தொடங்குகிறது. 1927-இல் உவேனோவுக்கும் அசாகுசாவுக்கும் இடையே 2.2 கிலோமீட்டருக்குத் திறக்கப்பட்ட ஆசியாவின் முதல் சுரங்க ரயில் இதுவே. இன்று அது உவேனோ, கின்சா வழியாக ஷிபுயா வரை ஓடுகிறது. தொடக்க நிலையத்தில் ஏறுவதால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஷிபுயாவில் இரவு திரும்ப ஏறும்போதும் அதுவே முதல் நிறுத்தம். அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணத்தை நின்றுகொண்டு செய்வதற்கும் உட்கார்ந்து செய்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தையை மடியில் வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

நடந்தே போய்ப் பார்க்கக்கூடியவற்றை ஒப்பிட்டால் கிழக்குப் பக்கம் தெளிவாக முந்துகிறது. 1873-இல் பொதுப் பூங்காவாக்கப்பட்ட உவேனோ பூங்காவுக்குள்ளேயே 1882-இல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய விலங்குக் காட்சிசாலையும், தேசிய அருங்காட்சியகமும், இயற்கை அறிவியல் அருங்காட்சியகமும், லெ கொர்புசியே வடிவமைத்து 2016-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான மேலைக் கலை அருங்காட்சியகமும் இருக்கின்றன. விலங்குக் காட்சிசாலையில் பன்னிரண்டு வயது வரை கட்டணமில்லை. தேசிய அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சியைப் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் எழுபது வயதைக் கடந்தவர்களும் இலவசமாகப் பார்க்கலாம் என்பதால், மூன்று தலைமுறை போகும் குடும்பத்தில் நடுத் தலைமுறைக்கு மட்டுமே சீட்டு வாங்க வேண்டியிருக்கும். இறந்துபோன எசமானருக்காக ஆண்டுக்கணக்கில் ஷிபுயா நிலையத்தில் காத்திருந்த ஹாச்சிகோ நாயின் சிலை முன் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, 1935-இல் இறந்த அந்த நாயின் பதப்படுத்தப்பட்ட உடல் உவேனோவின் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிலையை விட இது நெருக்கமாக இருக்கும்.

அசாகுசாவின் சென்சோஜி கோயிலைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதன் கூட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். சுமார் 250 மீட்டர் நீளமுள்ள நகாமிசே கடைத்தெருவில் பதினொரு மணிக்கு மேல் நகரவே முடியாது. அருகில் தங்கியிருந்தால் காலை ஏழு மணிக்கே போய்விடலாம். கடைகள் திறக்கும் முன்பே பெரிய சிவப்பு விளக்கின் கீழ் நிற்கலாம். நூறு யென் காசை உண்டியலில் போட்டு, உலோகக் குழலைக் குலுக்கி, சிறு துளை வழியே விழும் குச்சியின் எண்ணைப் பார்த்து, அதே எண் எழுதிய இழுப்பறையைத் திறந்து பலன் சீட்டை எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். கெட்ட பலன் வந்தால் சீட்டை அங்குள்ள கம்பியில் கட்டிவிட்டு வருவது வழக்கம். 1945 குண்டுவீச்சில் எரிந்து 1958-இல் மீண்டும் எழுப்பப்பட்ட முதன்மை மண்டபம் மாலை ஐந்து மணிக்கு மூடப்பட்டாலும் வளாகம் திறந்தே இருக்கும், இரவில் விளக்கொளியும் உண்டு. ஆற்றுக்கு அப்பால் 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கோபுரம், நடந்து போனால் இருபது நிமிடத் தொலைவு.

ஷிஞ்ஜுகுவில் இதற்கு நிகராக நிற்பவை இரண்டு. 58 ஹெக்டேர் பரப்புள்ள ஷிஞ்ஜுகு க்யோயென் தோட்டத்தின் அகன்ற புல்வெளி, குழந்தைகளை ஓடவிடுவதற்கு உவேனோவை விடவும் நல்ல இடம். டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடத்தின் 202 மீட்டர் உயரத்துக் காட்சித் தளம் முற்றிலும் இலவசம். வானம் தெளிந்த குளிர்காலக் காலைகளில் ஃபூஜி மலை அங்கிருந்து தெரியும். இதைப் பார்த்துவிட்டால் ஸ்கைட்ரீயில் ஐந்து பேருக்குக் கட்டணம் கட்ட வேண்டுமா என்று யோசிக்கலாம். ஆனால் இவ்விரண்டுக்கும் ஒரு முறை போனால் போதும். அதற்காக அங்கேயே தங்க வேண்டியதில்லை. ஷிஞ்ஜுகுவின் இரவுக் கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோவின் விளக்கு வெள்ளம் பார்க்கத் தகுந்ததுதான், ஆயினும் இரவில் மதுக்கடைகளுக்கு ஆள் பிடிப்பவர்கள் நிற்கும் தெரு வழியே பிள்ளைகளோடு விடுதிக்குத் திரும்புவதைப் பலர் விரும்புவதில்லை. திங்கட்கிழமையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: உவேனோவின் விலங்குக் காட்சிசாலை, அருங்காட்சியகங்கள், ஷிஞ்ஜுகு தோட்டம் அனைத்துக்கும் வழக்கமாக அன்றுதான் விடுமுறை. அந்த நாளைச் சென்சோஜிக்கோ ஹராஜுகுவில் உள்ள மெய்ஜி ஆலயத்துக்கோ ஒதுக்கிவிடுங்கள்.

உணவில் இரு பக்கமும் ஏறத்தாழச் சமம். சைவக் குடும்பங்களுக்கு ஜப்பானில் உள்ள சிக்கல் இறைச்சி அல்ல, மீன் சாறு. உலர்ந்த மீன் சீவல்களில் இறக்கிய சாறுதான் நூடுல்ஸ் குழம்பு முதல் காய்கறிக் கூட்டு வரை அடிப்படை என்பதால், தட்டில் மீன் இல்லை என்பது சைவம் என்று ஆகாது. உவேனோவுக்கு அடுத்த நிலையமான ஒகாச்சிமாச்சி நகை வணிகத்துக்குப் பேர்போனது. இந்திய இரத்தின வியாபாரிகள் அங்கே இருப்பதால் சுத்த சைவ இந்திய உணவும் நடக்கும் தூரத்தில் கிடைக்கிறது. ஷிஞ்ஜுகுவுக்கு அடுத்த ஷின்-ஓகுபோவில் பருப்பு, மசாலா, ஹலால் இறைச்சி விற்கும் கடைகளும் நேபாள உணவகங்களும் உண்டு. சமையலறையோடு கூடிய அறை எடுப்பவர்களுக்கு இது கூடுதல் வசதி.

அறைகளைப் பொறுத்தவரை, நகரின் சாதாரண விடுதி அறை பதினைந்து சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் தரையில் திறந்து வைக்க இடமிருக்காது. நான்கைந்து பேர் ஒரே அறையில் தங்க வேண்டுமானால், சமையலறை வைத்த மிமாரு போன்ற அபார்ட்மென்ட் விடுதிகளையோ பாய் விரித்துப் படுக்கும் ஜப்பானிய அறைகளையோ தேட வேண்டும். இவை உவேனோ, அசாகுசா பக்கம் அதிகம். பெற்றோரின் கட்டிலிலேயே படுக்கும் குழந்தைக்குப் பல விடுதிகள் கட்டணம் கேட்பதில்லை, ஆனால் வயது வரம்பு ஒவ்வொரு விடுதியிலும் வேறு என்பதால் பதிவு செய்யும்போதே வயதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

டோக்கியோ நிலையம், கின்சா வட்டாரம் என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது. டிஸ்னிலேண்டுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குகிறவர்களுக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்கு விலை ஒத்துவராது.

ஷிஞ்ஜுகுவுக்கு என் வாக்கு விழுவது ஒரே நிலையில்தான்: நான்கு நாளில் ஒன்றை ஃபூஜி மலை பக்கமோ வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஹக்கோனேவுக்கோ கொடுப்பதென்று உறுதியாக முடிவு செய்திருந்தால். கவாகுச்சிகோ ஏரிக்குப் போகும் நெடுந்தூரப் பேருந்துகளும் நேரடி ரயிலும் அங்கிருந்தே கிளம்புகின்றன, இரண்டும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஹக்கோனேவின் வாயிலான யுமோட்டோவுக்கு ஒடாக்யூ விரைவு ரயில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். ஜிப்லி அனிமேஷன் பட நிறுவனத்தின் அருங்காட்சியகமும் அந்தத் திசையில்தான். அதற்கு முன்பதிவுச் சீட்டு இல்லாமல் போவதில் பயனில்லை, அடுத்த மாதத்துச் சீட்டு ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி விற்பனைக்கு வருகிறது. அப்படித் தங்கினால் நிலையத்தின் மேற்குப் பக்கம் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே உள்ள விடுதியைத் தேர்ந்தெடுங்கள். நடை சற்று அதிகமானாலும் இரவில் அமைதியாக இருக்கும். மாறாக, ஊருக்கு வெளியே போகும் நாள் வடக்கே உள்ள கோயில் நகரமான நிக்கோவுக்கானது என்றால், தோபு விரைவு ரயில் அசாகுசாவிலிருந்தே புறப்படுகிறது.

மற்றெல்லாக் குடும்பங்களுக்கும் கிழக்குப் பக்கமே. அதற்குள் உவேனோவா அசாகுசாவா என்பதை விமான நிலையம் தீர்மானிக்கட்டும்: நரிட்டா என்றால் உவேனோ, ஹனேடா என்றால் அசாகுசா. புறப்படும் நாளில் மாலை விமானம் என்றால் கெய்சேய் உவேனோ நிலையத்தின் காசுப் பெட்டகத்தில் பெட்டிகளைப் பூட்டிவிட்டு, மேலே உள்ள பூங்காவில் விட்டுப்போன அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். பெரிய பெட்டகங்கள் காலை பத்து மணிக்குள் நிரம்பிவிடக்கூடும் என்பதால், அறையைக் காலி செய்தவுடன் முதலில் அங்கே போய்விடுங்கள்.