மலேசியாவில் அப்போஸ்டில் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்

2023 மே மாதம் என் மகளுக்கு ஸ்பெயினில் முதுகலை படிக்க இடம் கிடைத்தது. நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். என் பக்கத்திலும் சரி, வீட்டுக்காரர் பக்கத்திலும் சரி, படிக்க வெளிநாடு போகும் முதல் பிள்ளை அவள்தான். அந்தச் சந்தோஷத்தோடு ஒரு பட்டியலும் வந்தது. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பிறப்புப் பத்திரம் மூன்றையும் அப்போஸ்டில் செய்து அனுப்ப வேண்டும் என்று பல்கலைக்கழகம் எழுதியிருந்தது.

அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. பத்திரத்தில் இருக்கும் கையெழுத்தை வெளிநாட்டுக்கு உறுதி செய்யும் ஒரு தாள் அது என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் சிங்கப்பூரில் டிப்ளோமா படித்துவிட்டு ஐரோப்பாவில் வேலைக்குப் போனவன். அவன் அம்மாவிடம் கேட்டேன். "அது ஒரு ஸ்டிக்கர்தான், ரெண்டு நாள்ல வந்துடுச்சு" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவன் பத்திரம் சிங்கப்பூருடையது என்பது மட்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. மொத்த விஷயமும் அதில்தான் இருந்தது.

கோயில் வாட்ஸ்அப் குழுவில் கேட்டபோது கோலாலம்பூரில் இருக்கும் ஒரு ஏஜெண்டின் நம்பர் கிடைத்தது. பேசினால் நல்ல தமிழ். "அக்கா, நீங்க புத்ராஜெயாவுக்கெல்லாம் அலைய வேணாம். ஒரிஜினல மட்டும் பொஸ்லாஜுல போட்டு விடுங்க, மூணு வாரத்துல அப்போஸ்டில் குத்தி வீட்டுக்கே வந்துடும்" என்றார். ஒரு பத்திரத்துக்கு 800 ரிங்கிட், மூன்றுக்கு 2,400. கவர்மெண்ட் கட்டணமே பாதிக்கு மேல் என்றார். பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னபோது ஏன் என்று கேட்டேன். கம்பெனிக் கணக்கு பேங்கில் மாறிக்கொண்டிருக்கிறது என்று பதில் வந்தது. மகளுக்கு நாள் நெருங்குகிறதே என்ற பயத்தில் அனுப்பிவிட்டேன்.

சொன்ன மூன்று வாரத்தில் பத்திரங்கள் வந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தாள். மேலே பெரிய எழுத்தில் அப்போஸ்டில், தங்க நிறச் சீல், சிவப்பு ரிப்பன், ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்ட வரிகள், நாடு என்ற இடத்தில் மலேசியா. தாள் நழுவாமல் இருக்க மூலைகளில் பசை போட்டு ஒட்டி, அப்புறம் பித்தளை வளையம் வைத்துக் குத்தியிருந்தார்கள். என் மகளின் அசல் பட்டச் சான்றிதழில் இரண்டு ஓட்டை.

அவள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. "இப்படித்தான் செய்வாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள். "அப்படித்தான் போல" என்று நான்தான் சொன்னேன். அவள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று நாங்கள் எடுத்து வைத்திருந்த பத்திரம் அது.

ஸ்கேன் எடுத்து அனுப்பினோம். ஜூலை முதல் வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. நாலே வரி, மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். மலேசியா 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடு. ஆகவே மலேசிய அப்போஸ்டில் என்று ஒன்று இருக்க முடியாது. நீங்கள் அனுப்பிய தாளை ஏற்க முடியாது. உங்கள் வெளியுறவு அமைச்சும் உங்கள் நாட்டில் உள்ள ஸ்பெயின் தூதரகமும் அத்தாட்சி செய்த பத்திரங்களை அனுப்பவும்.

அன்று இரவு மகளும் நானும் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதை முன்பே யாராவது எனக்குத் தமிழில் சொல்லியிருந்தால் அந்தச் சான்றிதழ் ஓட்டை இல்லாமல் இருந்திருக்கும்.

ஒரு நாட்டின் பத்திரத்தை இன்னொரு நாடு எப்படி நம்பும்? பட்டர்வொர்த்தில் பதிந்த பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் கையெழுத்து நிஜமா என்று மாட்ரிட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. அதனால் பழைய முறையில் ஒரு சங்கிலி போடுகிறார்கள். பத்திரம் கொடுத்த இலாகாவின் கையெழுத்தை வெளியுறவு அமைச்சு உறுதி செய்யும். அமைச்சின் கையெழுத்தை இங்கே இருக்கும் அந்த நாட்டுத் தூதரகம் உறுதி செய்யும். தூதரகத்தின் முத்திரையை அந்த நாடு நம்பும். இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் 1961 அக்டோபர் 5ஆம் தேதி ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். அது 1965இல் நடப்புக்கு வந்தது. சேர்ந்த நாடுகளுக்குள் ஒரே ஒரு தாள் போதும், தூதரகம் போகவே வேண்டாம். அந்தத் தாளுக்குத்தான் அப்போஸ்டில் என்று பெயர். கையெழுத்து யாருடையது, எந்தப் பதவியில் போட்டார், முத்திரை எந்த இலாகாவுடையது என்பதை மட்டும் அது சொல்லும். பத்திரத்தில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்லாது.

ஆனால் பத்திரம் கொடுத்த நாடும் அதை வாங்கும் நாடும் இரண்டுமே உடன்படிக்கையில் இருக்க வேண்டும். ஸ்பெயின் இருக்கிறது. 120க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. நம்மைச் சுற்றிப் பார்த்தால் புருணை, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர், இந்தோனேசியா எல்லாமே இருக்கின்றன. இந்தியாவில் 2005லிருந்தும் சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலிருந்தும் நடப்பில் இருக்கிறது. மலேசியா இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் எடுப்பதால் நமக்கும் உண்டு என்று நினைப்பது இயல்பு. அந்த ஏஜெண்ட் பிழைப்பதே நம்முடைய அந்த நினைப்பில்தான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் கம்பெனிகளும் எந்த நாட்டுக்காரர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் அப்போஸ்டில் என்றே எழுதிவிடுகிறார்கள். அதைப் படித்ததும் ஏஜெண்டைத் தேடி ஓடாதீர்கள். "என் பத்திரம் மலேசியாவுடையது, தூதரக அத்தாட்சி ஏற்பீர்களா?" என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் விட்டோம்.

சரி, உண்மையான வழிக்கு வருகிறேன். பிறப்புப் பத்திரத்துக்குத் தேசியப் பதிவு இலாகாவின் அத்தாட்சி வேண்டும். பட்டத்துக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் உயர்கல்வி அமைச்சு. அப்புறம் மூன்றையும் புத்ராஜெயாவில் இருக்கும் விஸ்மா புத்ராவுக்கு, அதாவது வெளியுறவு அமைச்சின் தூதரகப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். கடைசியாகக் கோலாலம்பூரில் இருக்கும் தூதரகம். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போக நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து புத்ராஜெயாவுக்கு விமான நிலைய ரயில் இருக்கிறது. நானும் மகளும் இரண்டு தடவை போய் வந்தோம். விஸ்மா புத்ராவில் ஒரு பத்திரத்துக்கு 20 ரிங்கிட்தான் வாங்கினார்கள். அந்த ரசீதைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. 'கவர்மெண்ட் கட்டணமே பாதிக்கு மேல்' என்று அந்த ஆள் சொன்னது காதில் ஒலித்தது.

கவுண்டரில் இருந்த அம்மா ஓட்டை போட்ட சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் கொடுத்தது?" என்றெல்லாம் கேட்கவில்லை. இந்த மாதிரித் தாளை இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். அப்படியென்றால் நாங்கள் மட்டும் இல்லை. அன்றைக்குத்தான் இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்தச் சான்றிதழைக் காப்பாற்ற நாங்கள் செய்ததும் தப்பாகப் போனது. வீட்டுக்காரர் முடி காயவைக்கும் மெஷினைப் பிடித்துப் பசையை இளக்கிப் பிய்த்துப் பார்த்தார். தாளோடு சேர்ந்து பல்கலைக்கழக முத்திரையில் ஒரு ஓரமும் வந்துவிட்டது. அவள் பட்டம் வாங்கிய பல்கலைக்கழகத்தில் இரண்டாவது அசல் தர மாட்டார்களாம். மறுபிரதி என்று அச்சிட்ட ஒன்றைத்தான் கொடுத்தார்கள், அதுவும் ஆறு வாரம் காத்திருந்து, தனிக் கட்டணம் கட்டி. மொழிபெயர்ப்பும் முடிந்து, விசாவும் வந்து மகள் விமானம் ஏறியபோது வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஸ்பெயின் பல்கலைக்கழகம் நல்ல மனதோடு சேர்த்துக்கொண்டது. மறுத்திருந்தால் அந்த வருஷமே போயிருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்த ஆள் முதலில், "ஸ்பெயின்காரங்களுக்குத்தான் சட்டம் தெரியல அக்கா" என்றார். அப்புறம் நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் வரவில்லை. அந்த ஆள் கொடுத்த ரசீதில் இருந்த பதிவு எண்ணை, கம்பெனிகளைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் தேடினோம். பதிவு உண்மைதான், ஆனால் தொழில் என்ற இடத்தில் போட்டோகாப்பி, அச்சு வேலை என்று இருந்தது. பணம் அனுப்புவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் பார்த்திருக்கலாம். போலீஸின் செமாக் மியூல் பக்கத்தில் கணக்கு எண்ணைப் போட்டால் அதன்மேல் புகார் ஏதும் இருக்கிறதா என்று தெரியும். அதையும் நாங்கள் பிறகுதான் கேள்விப்பட்டோம். பணம் போன உடனே சந்தேகம் வந்தால் மோசடிப் புகார் எண்ணான 997க்குக் கூப்பிடுங்கள். நாங்கள் ஏமாந்தது தெரிவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது, பணம் அந்தக் கணக்கில் இருந்திருக்காது.

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தோம். கூடவே பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு போட்டோம். இதை நம் ஆட்களில் பலர் செய்வதில்லை, வக்கீலுக்கு யார் செலவு செய்வது என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே வக்கீல் தேவையில்லை. மனுவுக்கு 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், சம்பவம் நடந்து மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். விசாரணைக்கு அந்த ஆள் வரவில்லை. வராமலே எங்கள் பக்கம் தீர்ப்பானது. 14 நாளில் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் அது குற்றம். பதிமூன்றாம் நாள் 1,200 வந்தது. மீதிக்காக இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன், விடப்போவதில்லை.

எல்லா ஏஜெண்டும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. புத்ராஜெயாவுக்குப் போய்வர நேரமில்லாதவர்களுக்காக வரிசையில் நின்று வேலையை முடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்குக் கூலி வாங்குவது நியாயம்தான். அவர்கள் அமைச்சு ரசீதையும் தூதரக ரசீதையும் அப்படியே உங்களிடம் கொடுப்பார்கள், தங்கள் கூலியைத் தனியாகச் சொல்வார்கள். பெயரிலேயே தூதரக அத்தாட்சி என்பார்கள். மலேசியப் பத்திரத்துக்கு அப்போஸ்டில் என்று வாய் திறந்தால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். நாளைக்கு மலேசியாவும் அந்த உடன்படிக்கையில் சேரலாம். ஹேக் மாநாட்டு அமைப்பின் இணையதளத்தில் நாடுகளின் பட்டியல் இருக்கிறது. பணம் கொடுக்கும் அன்று அதைத் திறந்து பாருங்கள்.

சென்னையிலோ பெங்களூரிலோ மருத்துவம் படித்த பிள்ளைகள் நம்மில் நிறைய. அவர்கள் பட்டம் இந்தியாவுடையது. அது ஸ்பெயின் மாதிரி உறுப்பு நாட்டுக்குப் போவதானால் அப்போஸ்டிலை இந்திய வெளியுறவு அமைச்சுதான் தர முடியும், கோலாலம்பூரில் யாரும் போட முடியாது. அதே பட்டத்தை மலேசியாவில் காட்டுவதானால் அப்போஸ்டில் பயன்படாது, இங்கே பழைய சங்கிலிதான். இந்த இரண்டையும் குழப்பித்தான் மருத்துவப் பிள்ளைகளிடம் இன்னும் கூடுதலாகக் கறக்கிறார்கள் என்று பினாங்கில் ஒரு தாய் என்னிடம் சொன்னார்.

உங்கள் பிள்ளையின் பத்திரத்தின் பின்னாலும் தங்கச் சீலும் சிவப்பு ரிப்பனும் வைத்து, நாடு மலேசியா என்று போட்ட தாள் ஒட்டியிருந்தால், எங்களைப் போல் பிய்க்காதீர்கள். அது உங்களுக்குச் சாட்சி. முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, பணம் அனுப்பிய பேங்க் தாள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போங்கள். பாரம் எப்படி நிரப்புவது என்று தெரியாவிட்டால் என்னைக் கேளுங்கள். மூன்று பக்கம்தான், நான் கூட உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.